இரண்டு கதவு வைத்த அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாரம்தோறும் உங்கள் நாளிதழோடு வரும் வீடு, மனை இணைப்பை முதல் பக்கம் தொடங்கிக் கடைசி விளம்பரம் வரை வாசிக்கிறவள் நான். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ், மெட்ரோ ஸ்டேஷன் எத்தனை நிமிடத்தில் என்று எல்லாம் போடுகிறார்கள். குளியலறைக் கதவின் அகலம் எத்தனை அங்குலம் என்று இதுவரை ஒரு விளம்பரத்திலும் பார்க்கவில்லை. அந்த அங்குலக் கணக்கைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2022இல் என் அம்மாவுக்கு 80 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் தம்பி வாங்கியிருந்த அடுக்குமாடி வீட்டில், 11ஆவது மாடியில் இருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் இருந்தது, வாசல் வரை சாய்தளம் இருந்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குளியலறை வாசலில் வந்து நின்றோம். வரைபடத்தில் அந்தக் கதவு இரண்டரை அடி. நிலைக்கட்டையும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக, தம்பி டேப் வைத்துப் பார்த்தபோது 26 அங்குலம் இருந்தது. நாற்காலி இருபத்தைந்தரை. அம்மாவின் கைகள் சக்கரத்தின் மேல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தள்ளியதும் இரண்டு பக்கமும் விரல் முட்டிகள் நிலையில் உரசித் தோல் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. அதற்கு மேல் மூன்று அங்குல வாசற்படி வேறு. அன்றிலிருந்து அம்மாவை பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினோம். ஒரு நாளைக்கு நான்கு தடவை ஒரு மனுஷியைத் தூக்கி வைப்பது என்றால், தூக்குகிறவர்களைவிடத் தூக்கப்படுகிறவருக்குத்தான் வேதனை. அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். பாத்ரூம் போக வேண்டி வருமே என்றுதான். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

கதவைப் பெரிதாக்கிவிடலாம் என்று தம்பி பராமரிப்பு அலுவலகத்தில் போய்க் கேட்டான். அங்கே இருந்த இளம் பொறியாளர் பொறுமையாகவே விளக்கினார். அந்தக் கட்டடத்தில் செங்கல் சுவரே கிடையாது. அலுமினிய அச்சு நிறுத்தி, சுவரையும் கூரைத் தளத்தையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட் போட்டு எழுப்பியது. 'மைவான்' முறை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்த பெயர். "உள்சுவர் எதிலும் கை வைக்க முடியாதுங்க. மாடி மொத்தமும் அந்தச் சுவர் மேலதான் நிக்குது" என்றார். அவர் சொன்னது சரி. அந்த முறையையும் நான் குறை சொல்லவில்லை. வேகமாக முடிகிறது, பூச்சு வேலை அநேகமாகக் கிடையாது, நில அதிர்வையும் நன்றாகத் தாங்கும். என் ஆற்றாமையெல்லாம் வேறு ஒன்றில். ஓர் அலுமினிய அச்சு நூற்றுக்கணக்கான தடவை பயன்படுகிறது. அந்த அச்சில் கதவுக்கு ஆறு அங்குலம் குறைத்தால், நூற்றுக்கணக்கான வீடுகளில் ஆறு அங்குலம் குறைகிறது. செங்கல் வீட்டில் செய்த தப்பைக் கொத்தனார் வந்து திருத்துவார். இந்த வீடுகளில் செய்த தப்பு கட்டடம் நிற்கும் வரை நிற்கும். அச்சு வரைகிறவர் மேசையில் ஐந்து நிமிடம் கூடுதலாக யோசித்திருந்தால் போதும்.

அம்மாவை அரும்பாக்கத்துக்கு அழைத்து வந்துவிட்டோம். எம்.எம்.டி.ஏ. காலனியில் எங்கள் பழைய வீடு. கொத்தனார் ஒருவரும் சித்தாள் ஒருவருமாக இரண்டு நாளில் குளியலறைக் கதவை 3 அடிக்கு அகலமாக்கினார்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர், மேல்சுவரின் பாரத்தைத் தாங்க ஒரு ரெடிமேட் லிண்டல், வாசற்படியை எடுத்துவிட்டு உள்பக்கமாக வாட்டம் கொடுத்த தரை. 14,000 ரூபாய் ஆனது. மூன்றாம் நாள் அம்மா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டு நானும் அண்ணியும் நடையில் நின்று அழுதோம்.

இந்தப் பழைய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1977இல் உலக வங்கிக் கடனுதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்தார்கள். முழு வீடாகக் கட்டித் தரவில்லை. ரோடு, தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் போட்டு, சின்ன மனைகளில் கழிப்பறையும் அடுப்படிச் சுவரும் மாதிரி ஓர் அடிப்படையை மட்டும் கட்டி, மீதியை அவரவர் வசதிப்படி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பெரிய சாலையை ஒட்டிய பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் உள்தெருச் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் காலனியில் டாக்டர் வீடும் ஆட்டோ டிரைவர் வீடும் இரண்டு தெரு இடைவெளியில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இந்தத் திட்டத்தை ஏளனம் செய்தவர்கள் நிறைய. நாலு செவுத்துக்குப் பதில் ஒரு செவுத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு அரசாங்கம் கை கழுவிவிட்டது என்று என் மாமாவே சொன்னார்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தார். 15 அடி அகலம், 30 அடி நீளம், ஒரு சென்ட்டைவிடக் கொஞ்சம் அதிகம். 1981இல் குடிவந்தபோது எனக்கு 19 வயது. தெருப்பக்கம் ஓர் அறை, பின்னால் அடுப்படி, குளியலறை, கழிப்பறை. முன்னறையையும் பின்கட்டையும் இணைக்கும் நாலடி அகல நடை. கூரை ஓலை. ஆயா, அப்பா, அம்மா, அண்ணன், நான், தம்பி என்று ஆறு பேர்.

அந்த முன்னறைக்கு அப்பா இரண்டு கதவு வைத்தார். ஒன்று தெருவுக்கு, ஒன்று நடைக்கு. கொத்தனார்கூட எதற்கு வீண் செலவு என்று கேட்டாராம். "நாளைக்கு எதுக்காச்சும் ஆகும்" என்பதுதான் அப்பா சொன்ன பதில். வாடகை வீடுகளில் பத்து வருஷம் உருண்டவர் அவர். எது எதற்கு ஆகும் என்று தெரியாவிட்டாலும், எதற்காவது ஆகும் என்பது தெரிந்திருந்தது.

இந்த 44 வருஷத்தில் அந்த அறை என்னவெல்லாம் ஆகியிருக்கிறது! முதலில் நாங்கள் அத்தனை பேரும் படுத்த அறை. பிறகு ஆயாவின் கட்டில் அறை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் 1995இல் நடைப்பக்கக் கதவைச் சாத்திவிட்டு, தெருக்கதவைத் திறந்து எஸ்.டி.டி. பூத் வைத்தார். தொலைபேசித் துறையில் ஆபரேட்டராக இருந்தவள் என்பதால் அந்த மஞ்சள் போர்டை மாட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்பது வருஷம் அந்த வருமானத்தில்தான் தம்பி படித்து முடித்தான், அண்ணன் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம். செல்போன் வந்து பூத் படுத்ததும் அண்ணி தையல் மிஷின் போட்டார். பிறகு சில வருஷம் இரண்டு நர்ஸ் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். நடைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை என்பதால் அவர்கள் எங்கள் அடுப்படியைத் தாண்டி வர வேண்டியதில்லை. 2020இல் அண்ணனுக்குக் கொரோனா வந்தபோது உள்கதவைப் பூட்டி, தெருக்கதவு வழியாகச் சாப்பாடு வைத்தோம். வீட்டில் வேறு யாருக்கும் தொற்றவில்லை. இப்போது அம்மாவின் அறை. தெருக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். பதினொன்றாம் மாடியில் பேச ஆள் இல்லாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

ஓலைக்குப் பதில் 1987இல் கான்கிரீட் தளம் போட்டோம். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டை ஓடு பதித்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு வாரம் தட்டினார்கள். அப்போதே நான்கு மூலையிலும் பில்லர் கம்பியை மூன்றடி உயரத்துக்கு விட்டு வைக்கச் சொன்னார் அப்பா. சென்னையில் பாதி மொட்டை மாடிகளில் அப்படிக் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வேலை பாதியில் நின்றுபோன வீடு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அந்தக் கம்பி அடுத்த தலைமுறைக்கு விட்டு வைத்த இடம். ஆனால் சும்மா விட்டால் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அப்பா சிமெண்ட் பால் தடவி, பின்னால் சுலபமாக உடைக்கும்படி சிமெண்ட் குறைவான கலவையால் மூடி வைத்தார். 1993இல் நான் வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து மேலே மாடி போட்டபோது, அந்தக் கலவையைச் சுத்தியலால் தட்டியதும் உள்ளே கம்பி நீல நிறம் மாறாமல் இருந்தது. மாடிப்படியை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே வாசலோரமாக வைத்தோம். நானும் என் கணவரும் மேலே தனிக் குடித்தனம், அண்ணன் குடும்பம் கீழே. ஒரே வீடு, இரண்டு அடுப்பு, ஒரு சண்டையும் பெரிதாக வந்ததில்லை. தனிப்படி இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று அண்ணி இன்றும் சொல்வார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கூவமும் அரும்பாக்கம் கால்வாயும் நிரம்பி எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். குடிவந்தபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போனோம். ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, 2015இல் ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அன்று ராத்திரி வெளிப்படி வழியாக அண்ணன் வீட்டாரும் பக்கத்து வீட்டாருமாகப் பதினோரு பேர் எங்கள் மாடியில் ஏறி, மூன்று நாள் இருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு சிலர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அப்பா கீழ்த்தளத்துக்குப் பத்தரை அடி உயரம் வைத்திருந்தார். மேலும் பழைய முறைப்படி ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒன்றரை அடி வென்டிலேட்டர், அதற்கும் மேலேதான் லிண்டல். தெருவில் இடித்த இன்னொரு வீட்டின் செங்கல் துண்டுகளை வாங்கி வந்து கொட்டி, தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம். வென்டிலேட்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குக் கதவு நிலையை ஒன்றரை அடி மேலே ஏற்றினார் மேஸ்திரி. ஒரு லிண்டலைக்கூட உடைக்கவில்லை. இன்றும் கீழ்த்தளத்தில் 9 அடி உயரம் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வாசல் வரை வந்து நின்றது. உள்ளே வரவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய ரோடு போட வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவிட்டது. அது எல்லாத் தெருவிலும் நடக்க வேண்டும்.

எங்கள் காலனியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பின்பக்கம் விட வேண்டிய மூன்றடியை விழுங்கியவர்கள் உண்டு. அந்த வீடுகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. அஸ்திவாரம் தாங்குமா என்று கேட்காமல் மூன்று மாடி ஏற்றியவர்கள் உண்டு. வளரும் வீட்டுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும். மனை கொடுத்த முதல் சில வருஷம் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், பிறகு வரவில்லை. இருந்தாலும், பல வருஷம் கழித்து ஆய்வாளர்கள் சென்னையிலும் மும்பையிலும் இந்த மனைத் திட்டங்களைத் திரும்பப் போய்ப் பார்த்து, தோல்வி என்று எழுதியவை நல்ல குடியிருப்புகளாகத் தழைத்திருப்பதைப் பதிவு செய்தார்கள். 2018இல் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி அவர்களுக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது இந்தூர் அரண்யா குடியிருப்பைப் பற்றிப் படித்தேன். அடித்தளமும் கழிப்பறையும் குழாயும் கொடுத்து, எப்படியெல்லாம் வளர்க்கலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளையும் கட்டி வைத்தார் அவர். அந்த மாதிரி வீடுகள்தான் எங்களுக்கு இல்லாமல் போன வழிகாட்டி. அரண்யாவுக்கு 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்திருக்கிறது.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த ஒருவர் கூவம் கரையில் குடியிருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் அவருக்கு வீடு கொடுத்தார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். சுத்தமான வீடு, ஓட்டைக் குடிசைக்கு எவ்வளவோ மேல். ஆனால் ஆறாவது மாடியில் இஸ்திரி மேசையை எங்கே போடுவது? மகனுக்குக் கல்யாணம் ஆனால் எந்தப் பக்கம் தட்டி வைத்து மறைப்பது? வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார், மேசை போட இடம் தேடுகிற கண்ணோடு. அந்த வீட்டில் ஓர் அறைக்கு வராந்தாப் பக்கம் இன்னொரு கதவு இருந்திருந்தால், அவர் பழைய தொழிலை விட்டிருக்க மாட்டார்.

பசுமை வீடு என்றால் சோலார் பேனல், எல்.இ.டி. விளக்கு, சான்றிதழ் என்று பேசுகிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தவர்கள்கூட, மறு வருஷங்களில் கிணற்றில் தண்ணீர் ஏறியதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் உலகத்தில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அப்படிப்பட்ட சிமெண்டில் கட்டிய வீட்டை, குடும்பம் மாறிவிட்டது என்பதற்காக 30 வருஷத்தில் இடித்துக் குப்பையில் கொட்டினால் எந்தச் சோலார் பேனலாலும் அதை ஈடுகட்ட முடியாது. இடிக்காமல் மாற்றிக்கொள்ள முடிகிற வீடுதான் எனக்குத் தெரிந்து நிஜமான பசுமை வீடு.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நகரம் முழுக்கப் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டுகிற காலம் இது. 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். இன்று வார்க்கிற சுவர்களுக்குள் நம் பேரப்பிள்ளைகள் வாழப்போகிறார்கள். ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019இல் கார் நிறுத்த எத்தனை இடம் என்று துல்லியமாகக் கணக்குப் போடும் அரசு, வீட்டின் எல்லாக் கதவுகளும், குளியலறைக் கதவு உட்பட, 3 அடி அகலம் என்று ஒரு வரி சேர்க்க முடியாதா? மூன்று படுக்கையறை வீட்டில் ஒரு அறைக்காவது வெளி வராந்தாவிலிருந்து தனிக் கதவு வைக்கலாம். பக்கத்திலேயே மூடி போட்ட ஒரு தண்ணீர் இணைப்பும் கழிவுக் குழாயும் விட்டு வைக்கலாம். வயதான காலத்தில் அந்த அறையை வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொள்ளவோ, மகனும் மருமகளும் தனி அடுப்பு வைத்துக்கொள்ளவோ ஆகும். எல்லாச் சுவரும் கான்கிரீட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாரம் தாங்காத இரண்டு சுவர்களையாவது லேசான பிளாக்கில் கட்டி, எதை உடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று நிறம் போட்ட வரைபடத்தை சாவியோடு சேர்த்து வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இதைத் தன் வீடுகளில் தொடங்கினால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இணைப்பில் வாராவாரம் ஒரு வீட்டின் வரைபடத்தை அச்சிடுகிறீர்கள். அதன் கீழே மூன்று விவரங்களையும் சேர்த்துப் போடுங்கள்: கதவைத் திறந்து வைத்து டேப்பால் அளந்தால் குளியலறை வாசலின் அகலம் எத்தனை அங்குலம், ரோட்டிலிருந்து வீட்டுத் தரை எத்தனை அடி உயரம், எந்தச் சுவரை நாளைக்கு எடுக்கலாம். கட்டுகிறவர்கள் தர மறுத்தால், அந்த இடத்தை வெறுமையாக விட்டு 'தரவில்லை' என்று மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
எம்.எம்.டி.ஏ. காலனி, அரும்பாக்கம், சென்னை.